பந்து பட்ட இடத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க வலைக்கூண்டுக்குள் மரமட்டையால்தான் பேஸ்பால் பயிற்சி செய்கிறார்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். வேலை முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் பதினாறு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டை வீசச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை செய்தவர். அதனால் மரத்தைப் பற்றிக் கேட்டால் என் பதில் நீளும்.

என் மகனுக்கு 13 வயது. மேட்ச்சில் எல்லோரும் அலுமினிய மட்டையில்தான் ஆடுகிறார்கள். ஆனால் புது கோச் பயிற்சிக்கு மரமட்டை கொண்டுவரச் சொல்கிறார். ஏற்கெனவே ஒரு மட்டைக்கு 300 டாலர் கொடுத்தாயிற்று. மேட்ச்சில் தொடாத மட்டையில் பயிற்சி செய்து என்ன பயன்?
*- ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி*

சகோதரி, உங்கள் மகனின் கோச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மரமட்டை கனமாக இருக்கும், அதை வீசிப் பழகினால் கை பலமாகும், அப்புறம் அலுமினியம் பஞ்சு மாதிரி இருக்கும் என்று மைதானத்து ஓரத்தில் நிற்கும் அப்பாக்கள் சொல்வார்கள். அதற்காக நான் மரத்தைக் கொடுப்பதில்லை. மரத்தில் அடித்த பந்து அதிக தூரம் போகாது என்பதற்காகவும் இல்லை. அந்த வித்தியாசம் இப்போது பெரும்பாலும் போய்விட்டது. 1974-ல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அலுமினியத்தை அனுமதித்தார்கள். உள்ளே கூடாக இருக்கும் உலோகக் குழாயில் பந்து மோதும்போது சுவர் கொஞ்சம் உள்ளே அமுங்கி உடனே திரும்பி வரும். அந்த உதைப்பில் பந்து பறக்கும். மரம் அப்படி அமுங்காது. பந்துதான் நசுங்கும், நசுங்குவதில் வேகம் போகும். உலோக மட்டையில் அடித்த பந்து, பந்து வீசும் பிட்சரின் முகத்துக்கே வர ஆரம்பித்த பிறகு விதியை இறுக்கினார்கள். 2011-ல் கல்லூரிகளுக்கும் 2012-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பிபிகார் என்ற அளவுகோல் வந்தது, மட்டை பந்தை எவ்வளவு உதைத்துத் தள்ளலாம் என்பதற்கான வரம்பு அது. சின்னப் பிள்ளைகளுக்கு 2018 முதல் யுஎஸ்ஏ பேட் முத்திரை. மட்டை எதனால் செய்ததாக இருந்தாலும் பந்து மரமட்டையில் பறக்கிற அளவுக்குத்தான் பறக்க வேண்டும் என்பதுதான் இரண்டின் நோக்கமும்.

அப்படியானால் மரத்தில் என்ன மிச்சம்? தப்பாக அடித்தால் என்ன ஆகிறது என்பதுதான் மிச்சம்.

மட்டையின் தடித்த முனையிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலம் உள்ளே ஒரு சின்ன இடம் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் 'மிடில் ஆயிடுச்சு' என்பார்களே, அந்த இடம். அங்கே பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டால் மட்டை வில் மாதிரி வளைந்து அதிரும். பந்துக்குப் போக வேண்டிய வேகம் அந்த அதிர்வில் கரைந்துபோகும். உலோக மட்டையில் தடித்த பாகம் நீளமானது, கனம் கைப்பக்கம் இருப்பதால் வீச எளிது, தள்ளிப் பட்டாலும் பந்து ஓரளவு பறந்துவிடும். பிள்ளைக்கும் நன்றாக அடித்தோம் என்றே தோன்றும். மரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

போன ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அலுமினியத்தில் அடித்தால் ஒவ்வொரு பந்தும் 'டிங்' என்று வலையைப் போய் முட்டும். அவன் கையில் பிர்ச் என்ற மரத்தில் செய்த மட்டையைக் கொடுத்து, தடித்த பாகம் முழுக்க நீல சாக்பீஸைத் தேய்த்தேன். டீ என்று நாங்கள் சொல்லும் ரப்பர்க் கம்பத்தின் மேல் பந்தை வைத்து பத்து அடி அடிக்கச் சொன்னேன். பத்தில் இரண்டுதான் 'டக்' என்று கேட்டது. மற்றதெல்லாம் 'தொப்'. நான்காவது அடியில் வலது கையை உதறினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் உள்ள சதையில் விண்ணென்று தெறிக்கும், அடித்தவர்களுக்குத்தான் தெரியும். பத்தும் முடிந்ததும் மட்டையைத் திருப்பிக் காட்டினேன். சாக்பீஸ் அழிந்த வட்டங்கள் வரிசையாக இருந்தன. இரண்டு மட்டும் சரியான இடத்தில். ஒன்று முனையில். மீதி ஏழும் கைப்பிடிப் பக்கமாக, மட்டை மெலிய ஆரம்பிக்கும் இடத்தில். பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அலுமினியத்திலேயும் இங்கேதான் பட்டுச்சா?" என்று கேட்டான். ஆமாம், அங்கேதான் பட்டது.

அவனுடைய கைகள் வீச்சின் தொடக்கத்திலேயே உடம்பை விட்டு வெளியே ஓடின. மட்டை பெரிய வட்டம் போட்டுச் சுற்றி வந்ததால் பந்து கைப்பிடிப் பக்கமாகச் சிக்கியது. முந்தைய சீசனில் இதையே அவனிடம் இருபது தடவை சொல்லியிருப்பேன், மண்டையில் ஏறவில்லை. அந்த மாலை நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு தானாகவே அடிக்க ஆரம்பித்தான். பிப்ரவரி முடிவில் வட்டங்கள் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டன.

சகோதரி, மரமட்டையின் பயன் இதுதான். பந்து பட்ட அந்தக் கணத்திலேயே கைக்குப் பதில் தெரிந்துவிடுகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஆயிரத்தில் ஒரு நொடி. அதற்குள் நடந்ததை வெளியே நிற்கும் எந்த கோச்சாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

செலவைப் பற்றி: பயிற்சிக்கு விலை உயர்ந்த மட்டை வேண்டவே வேண்டாம். மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த மட்டை போதும், விலையும் குறைவு, எளிதில் உடையாது. ஆனால் முழுப் பயிற்சியும் மரத்தில் வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லுங்கள். டீ மேல் வைத்து அடிப்பதும், பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட்டு அடிப்பதும் மரத்தில். மேட்ச்சுக்கு முந்தைய இரண்டு நாளும் மேட்ச் மட்டையில். இரண்டின் வீச்சுக் கனமும் வேறு. மணிக்கு 90 மைல் வேகப் பந்து பிட்சர் கையிலிருந்து வந்து சேர 0.4 நொடிதான் ஆகும், உங்கள் மகன் வயதில் பந்து மெதுவாக வந்தாலும் தூரம் குறைவு. மேட்ச் அன்று காலை கை எந்தக் கனத்துக்குப் பழகியிருக்கிறது என்பது முக்கியம்.

பையனுக்கு மேப்பிள் மட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் மூன்று உடைந்துவிட்டன. ஆஷ் மரம் வாங்கவா, பிர்ச்சா? நல்ல மரம் என்று பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?
*- ஒரு தந்தை, டாலஸ்*

முதலில் உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்துப் பாருங்கள். மூன்றும் கைப்பிடியில், பிடித்த இடத்துக்கு மேலே நாலைந்து அங்குலத்தில் ஒடிந்திருந்தால் குற்றம் மரத்தின் மேல் இல்லை. பந்து உள்ளே வந்து கைப்பிடியில் மோதியிருக்கிறது. மேலே எழுதிய பையனின் கதைதான். முனைப்பக்கம் விரிசல் விட்டிருந்தால் வெளியே போகும் பந்தை எட்டி எட்டி அடிக்கிறான் என்று அர்த்தம். இன்னொன்றையும் விசாரியுங்கள். பந்து போடும் மெஷினில் வரும் பந்துகளா? குழிகுழியாக இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பந்து எந்த மரத்தையும் ஒரு வாரத்தில் தின்றுவிடும். கூடவே, டாலஸ் வெயிலில் கார் டிக்கியில் மட்டையைப் போட்டு வைக்காதீர்கள். மரம் காய்ந்து சுக்காகிவிடும்.

சரி, மரத்துக்கு வருவோம். அப்பா பட்டறையில் தொட்டில் கால், சொப்புச் சாமான், பூரிக்கட்டை எல்லாம் கடைவார். கட்டை வந்து இறங்கியதும் அவர் முதலில் பார்ப்பது ரேகையைத்தான். ரேகை கட்டையின் நீளத்தோடு நேராக ஓடினால் ஒரு பக்கம், சாய்ந்து ஓடி விளிம்பில் வெளியே போய்விட்டால் இன்னொரு பக்கம். சாய்ந்த கட்டையில் சொப்பு கடையலாம், தொட்டில் கால் கடையக் கூடாது என்பார். 'மெலிஞ்ச இடத்துல ரேகை வெளியே ஓடினா அங்கேதான் ஒடியும், பிள்ளை படுக்கிற சாமான் பாத்துக்கோ' என்பது அவர் பேச்சு. பேஸ்பால் மட்டையும் கடைசல்தான். அதிலும் கைப்பிடி ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிமன்தான் இருக்கும்.

ஆஷ் மரத்தில் ரேகை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மேப்பிளில் தெரியாது, வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும். அங்கேதான் சிக்கலே. 2001-ல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமான பெரிய லீகில் (மேஜர் லீக்) பாரி பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி எல்லை தாண்டும் அடி, அடித்தது மேப்பிள் மட்டையில். அந்த மேப்பிள் மட்டையைச் செய்ய ஆரம்பித்த சாம் ஹோல்மன் கனடாவின் ஒட்டாவாவில் தச்சு வேலை பார்த்தவர். பாண்ட்ஸைப் பார்த்து எல்லோரும் மேப்பிளுக்குத் தாவினார்கள். ஆஷ் உடைந்தால் பெரும்பாலும் விரிசல் விடும், செதில் உரியும். மேப்பிள் கைப்பிடியோடு ஒடிந்து கூர்முனையோடு பறக்க ஆரம்பித்தது. 2008-ல் உடைந்த மட்டைகளை இரண்டாயிரத்துக்கும் மேல் சேகரித்து ஆராய்ந்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வனத்துறை ஆய்வகமும் அதில் இருந்தது. துண்டாகப் பறந்ததற்கு அவர்கள் கண்ட முக்கியக் காரணம் ரேகையின் சாய்வு. அதைப் படித்த அன்று எனக்கு அப்பா பட்டறை வாசலில் கட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு வந்ததுதான் மைப்புள்ளி. பெரிய லீகில் ஆடும் மேப்பிள், பிர்ச் மட்டைகளின் கைப்பிடியில் ஒரு துளி மை வைப்பார்கள். மை மரத்தின் நுண்ணிய குழாய்கள் வழியே ஊறி, புள்ளி ஒரு மெல்லிய கோடாக இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ரேகை அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். அது மட்டையின் நீளத்திலிருந்து 3 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. இந்த விதிகளுக்குப் பிறகு சில வருடங்களில் மட்டைகள் துண்டாகப் பறப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. கடையில் மேப்பிள் வாங்கினால் கைப்பிடியில் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். புள்ளி இல்லாத மலிவு மேப்பிளை நான் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

உங்கள் பையனுக்கு பிர்ச் வாங்குங்கள். மேப்பிள் அளவு கெட்டியில்லை, ஆஷ் அளவு செதில் உரிவதும் இல்லை. தப்பான அடியைக் கொஞ்சம் வளைந்து தாங்கிக்கொள்ளும். ஆஷ் எனக்கு ரொம்பப் பிடித்த மரம், ஆனால் நல்ல ஆஷ் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு, 2002-ல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், பட்டைக்கு அடியில் புழுவாக இருந்து அரித்தே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. 2012-ல் எங்கள் மாநிலத்துக்கும் வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் பெரிய லீகில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருந்த மரம் இது.

கடைசியாக ஒன்று. மட்டையின் மேல் கம்பெனி முத்திரை இருக்கும். அடிக்கும்போது அது வானத்தையோ தரையையோ பார்க்க வேண்டும், பந்தைப் பார்க்கக் கூடாது. எந்த மரமாக இருந்தாலும் அதற்குப் பலமான பக்கம் பந்தைச் சந்திக்கிற மாதிரிதான் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுக்காமலே பாதிப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள்.

11 வயதுப் பையன், ஆட்ட மட்டை 30 அங்குலம் 20 அவுன்ஸ். கடைக்காரர் 30 அங்குலம் 27 அவுன்ஸ் மரமட்டை கொடுத்திருக்கிறார். பழகிவிடுமா?
*- வாசகர், சான் ஹோசே*

பழக வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 200 கிராம். அதுவும் தடித்த முனையில் உட்கார்ந்திருக்கும் 200 கிராம். குழந்தை மட்டையைத் தோளிலிருந்து எடுப்பதற்குள் முனை கீழே தொங்கும், அதைத் தூக்க இடுப்பை வளைப்பான், அந்த வீச்சே அவனுக்குப் பழகிவிடும். பிறகு திருத்த எனக்கு இரண்டு வருடம் ஆகும். சிறுவர்களுக்கான மெல்லிய கைப்பிடி மாடலில் 29 அங்குலம் கேளுங்கள். இருப்பதிலேயே கனம் குறைந்ததை எடுங்கள். கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழுக்கு மேலே ஒரு அங்குலம் விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே மரத்தில் கடைந்த மட்டைக்கு யுஎஸ்ஏ முத்திரை தேவையில்லை, சிறுவர்களுக்கான லிட்டில் லீக் மேட்ச்சிலும் ஆடலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது கையில் மட்டும் மட்டையின் குமிழ்ப்பக்கத்தைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, மட்டை தரைக்கு இணையாக இருக்க இருபது எண்ணச் சொல்லுங்கள். பத்துக்குள் முனை தாழ்ந்தால் அந்த மட்டை வேண்டாம். நான் எல்லாப் பிள்ளைகளையும் இப்படித்தான் பார்க்கிறேன்.

பெரிய மட்டைதான் ஆண்பிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னால் டோனி க்வின்னைச் சொல்லுங்கள். சான் டியேகோவுக்கு ஆடியவர். எட்டுத் தடவை லீகிலேயே அதிக சராசரி எடுத்தவர், வாழ்நாள் சராசரி .338 (ஆயிரம் முயற்சிக்கு 338 வெற்றி அடி என்று கணக்கு), 1994-ல் .394. அவர் கையில் இருந்தது அந்தக் காலத்து வீரர்களிலேயே மிகச் சிறிய மட்டைகளில் ஒன்று.

டிவியில் பார்க்கிறேன், பெரிய லீக் வீரர்கள் மட்டும் இன்னும் மரத்தில்தான் ஆடுகிறார்கள். ஏன்? நம் கிரிக்கெட் பேட்டும் மரம்தானே, இரண்டும் ஒன்றா?
*- வாசகர், கோயம்புத்தூர்*

விதிப்புத்தகமே அப்படித்தான். வழவழப்பான உருண்டைக் கட்டை, தடித்த இடத்தில் 2.61 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, நீளம் 42 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, முழுக்க ஒரே மரத்துண்டு. அந்த வீரர்களின் பலத்துக்குப் பழைய உலோக மட்டையைக் கொடுத்தால் 60 அடி 6 அங்குலத்தில் நிற்கும் பிட்சருக்குக் கையைத் தூக்க நேரம் இருக்காது.

கிரிக்கெட்டிலும் இது நடந்தது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கினார். இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி பந்து கெடுகிறது என்று புகார் சொல்ல, கடைசியில் மரப் பேட்டுக்கு மாறச் சொன்னார்கள். லில்லி அலுமினியத்தைத் தூக்கி எறிந்தார். அடுத்து வந்த 1980 விதித்தொகுப்பில் பேட் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கிரிக்கெட் பேட் வில்லோ, லேசான, மென்மையான மரம். அடிக்கும் முகம் தட்டையாக, நாலேகால் அங்குல அகலம் வரை. கைப்பிடி தனி, பிரம்பில் செய்து நடுவே ரப்பர் வைத்துப் பொருத்தியது. அதிர்ச்சியில் ஒரு பங்கை அந்தப் பிரம்பும் ரப்பரும் வாங்கிக்கொள்ளும். பேஸ்பால் மட்டையில் குமிழிலிருந்து முனை வரை ஒரே மரம். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை, அதனால்தான் அந்த 'விண்'. நம் ஊரில் புதுப் பேட்டுக்கு எண்ணெய் தடவி, பழைய பந்தைக் கொண்டு தட்டித் தட்டிப் பக்குவம் பண்ணுவோம். இங்கே பழைய ஆஷ் மட்டைக்காரர்கள் மாட்டெலும்பால் அழுத்தித் தேய்த்து இழைகளை இறுக்குவார்கள். வீரர்கள் அறையில் அதற்கென்றே பலகையில் எலும்பை அடித்து வைத்திருந்த காலம் உண்டு.

மரமட்டைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தால் மகன் கட்டைவிரல் வலிக்கிறது என்கிறான். வீங்கியும் இருக்கிறது. கோச், சரியாக அடித்தால் வலிக்காது, வலிதான் வாத்தியார் என்கிறார். ஒருநாள் பயிற்சிக்குத் தாமதமாகப் போனதற்கு நூறு பந்து மரத்தில் அடிக்க வைத்தாராம்.
*- ஒரு தாய், டொரன்டோ*

உடனே நிறுத்துங்கள். வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது ஆறும் வரை எந்த மட்டையும் வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சி கொடுக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஏப்ரல் முதல் வாரம், வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்கூட இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய் மரத்தில் அடிக்க வைத்தேன். குளிரில் பந்து கல்லாகிவிடும், விரலில் ரத்த ஓட்டம் குறைவு. ஒரு சின்னப் பையன் அழுகையை அடக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான், நான் கவனிக்கவில்லை. மறுநாள் அவன் அம்மா கட்டைவிரல் அடியில் நீலமாகக் கன்றியிருந்ததைக் காட்டினார். மூன்று வாரம் அவன் மட்டையைத் தொடவில்லை. அதைவிட மோசம், திரும்பி வந்த பிறகு உள்ளே வரும் பந்தைக் கண்டாலே பின்வாங்கினான். அந்தப் பயம் போக ஒரு சீசன் ஆனது. அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து 55 டிகிரிக்குக் கீழே வெளியில் மரம் கிடையாது. ஒரு தடவைக்குப் பத்துப் பந்து, பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, ஒரு மாலைக்கு நாற்பதைத் தாண்டுவதில்லை. முதல் மாதம் டீ மேல் வைத்துத்தான், அதுவும் மென்பந்தில். கையுறை கட்டாயம். கையை உதறினால் அந்தத் தடவையோடு மரம் சரி, பிறகு அன்றைக்கு அலுமினியம். ஒரு 'விண்' பிள்ளைக்குத் தகவல் சொல்லும். பத்து 'விண்' சேர்ந்தால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வீச்சையே கெடுத்துக்கொள்ளும். தண்டனைக்கு மரத்தைக் கொடுக்கிறவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், கேட்கவில்லையென்றால் பையனை வேறு அணியில் சேருங்கள். தண்டனையாக வந்த மட்டையை எந்தப் பிள்ளையும் ஆசையாகக் கையில் எடுக்காது.

17 வயது மகன் கோடையில் மரமட்டை டோர்னமென்ட்டுக்குப் போகிறான். எத்தனை நாள் முன்னால் மாறவேண்டும்? காத்திருக்கும்போது மட்டையில் கன வளையம் மாட்டி வீசுகிறார்களே, அது உதவுமா?
*- வாசகர், நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்*

வளையத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். ஹவாயைச் சேர்ந்த ஆய்வாளர் கூப் டிரென் 1990-களின் தொடக்கத்திலேயே அளந்து பார்த்தார். ஆட்ட மட்டையின் கனத்துக்கு முன்பின் பத்து சதவீதத்துக்குள் இருக்கும் மட்டையால் வீசிப் பழகியவர்களின் வேகம் நன்றாக இருந்தது, வளையம் மாட்டியவர்களின் வேகம் இறங்கியது. கழற்றியதும் மட்டை லேசாகத் தோன்றும், வீச்சு மெதுவாகத்தான் இருக்கும். ஆட்ட மட்டையையே நாலு தடவை வீசச் சொல்லுங்கள், போதும்.

மாறுவதற்கு ஆறு வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் டீ, அடுத்த இரண்டு வாரம் மெதுவாகப் போடும் பந்து, கடைசி இரண்டு வாரம் உண்மையான பிட்சர். பள்ளி சீசன் நடுவில் என்றால் மேட்ச் இல்லாத நாட்களில் மட்டும். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 1974 முதல் உலோக மட்டையில் ஆடுகிறார்கள், ஆனால் பயிற்சிக்கு ஒட்டு மூங்கில் மட்டையை எடுப்பது அங்கே சாதாரண விஷயம். 2024 வசந்தத்திலிருந்து அவர்களின் உலோக மட்டையையே மெலிதாக்கி, சுவரைத் தடிப்பாக்கி, உதைப்பைக் குறைத்துவிட்டார்கள். பல வருடம் மூங்கிலில் அடித்துப் பழகிய கைக்கு அந்த மாற்றம் பெரிதாகத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

நாஷுவாவிலிருந்து எங்கள் மாநிலத்துக் கடற்கரைப் பகுதியான கேப் காட் இரண்டரை மணி நேரம், போக்குவரத்து இல்லையென்றால். ஜூன் மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் அங்கே கோடை முழுக்க ஆடுகிறார்கள், 1985 முதல் மரமட்டையில் மட்டும். டிக்கெட் கிடையாது. ஆர்லியன்ஸ் ஊரின் எல்ட்ரெட்ஜ் பார்க்கில் முதல் பேஸ் பக்கம் புல்மேடு படிபடியாக இறங்கும், அங்கே துண்டை விரித்து உட்காரலாம். சீசனின் முதல் வாரமாகப் பாருங்கள். வசந்தத்தில் கல்லூரியில் .350 அடித்த பையன்கள் உள்ளே வரும் பந்தில் மட்டை ஒடிந்து, கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடுவதைப் பார்ப்பீர்கள். அதே ஆட்களை ஜூலைக் கடைசியில் போய்ப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள் மகனை, 'தொப்' எத்தனை, 'டக்' எத்தனை என்று அவனே எண்ணட்டும். நான் ஒவ்வொரு வருடமும் எங்கள் பிள்ளைகளை இரண்டு தடவை கூட்டிப் போகிறேன். ஜூன் மாதப் பயணத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம், இட்லியும் மிளகாய்ப்பொடியும். நீங்களும் வருவதாக இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள், தேதி சொல்கிறேன்.